தாம்பரத்தில் பத்து யூதர்கள்

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரிக்கு என் மேல் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. பினாங்கிலிருந்து வருகிற தமிழன் பெட்டியில் பவுடர் டப்பா, பனியன், ஜாதிக்காய் ஊறுகாய் எல்லாம் இருக்கும். என்னிடமும் இருந்தன. ஆனால் அதோடு கையில் தனியாக ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் பளபளவென்று ஒரு ட்ரம்பெட்.

"தங்கமா?" என்றார்.

"பித்தளை சார். வாத்தியம்."

"அப்படின்னா வாசிச்சுக் காட்டு."

இங்கேதான் சிக்கல். நான் ட்ரம்பெட் வாசிக்கிறவன் இல்லை. பினாங்கில் ஒரு ஹோட்டல் பாண்டில் டபுள் பாஸ் வாசிக்கிறவன். ஆள் உயர வயலினை நிறுத்தி வைத்துத் தந்தியைச் சுண்டுகிற வேலை. இருந்தாலும் அரசாங்கம் கேட்கும்போது மறுக்க முடியுமா? மூச்சை இழுத்து ஊதினேன். கன்றைத் தேடும் எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்ற குழந்தை வீறிட்டது. அதிகாரி பெட்டியில் சாக்கட்டியால் அவசரமாகக் குறி போட்டு, "தங்கமா இருந்தா இப்படிக் கத்தாது, போய்யா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ட்ரம்பெட் சவுலுடையது. சவுல் எங்கள் பாண்டின் தலைவன். ரங்கூனில் பிறந்த யூதன், போர் துரத்தித் துரத்திப் பினாங்கில் கொண்டுவந்து விட்டது. அறுபத்தொன்பது மே மாதம் எங்கள் மலேசியாவில் கலவரம் வந்து ஊரடங்குச் சட்டம் போட்டார்களே, அந்த நாட்களில்தான் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான். யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்காக நெருங்கிய உறவினர் ஒருவர் 'காதிஷ்' என்னும் பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். சொல்கிறவரையும் சேர்த்துப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்லக்கூடாது. பினாங்கில் யூதர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அவர்களும் ஊரடங்கில் வாசலைத் தாண்ட முடியவில்லை. அடக்கத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். எங்களைக் கண்காணிக்க இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சவுல் என் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "தாம்பரத்தில் என் அண்ணன் எஸ்ரா இருக்கிறான். ட்ரம்பெட்டை அவனிடம் கொடு. எனக்காகக் காதிஷ் சொல்லச் சொல். பத்துப் பேரோடு." நான் சரி என்றேன். தாம்பரம் என்று ஓர் ஊர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினேன். பினாங்கில் கடலைக் கடக்கும் படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். இங்கே ரயில் எழும்பூரை அடைவதற்குள் எதிரில் இருந்தவர் என் ஊர், சம்பளம், பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்து முடித்துவிட்டார். மாம்பலம் தாண்டியதும் எனக்கும் அவருடைய கொழுந்தியாளின் கல்யாணச் சிக்கல் முழுவதும் தெரிந்திருந்தது. வெளியே மழை. மீனம்பாக்கத்துக்கு அப்புறம் தண்டவாளம் ஓரமெல்லாம் வயல் எது குளம் எது என்று தெரியாமல் தண்ணீர்.

தாம்பரத்தில் இறங்கியதும் பசி. ஸ்டேஷன் எதிரில் ஓட்டலில் இட்லிக்கு வடகறி என்று ஒன்று வைத்தார்கள். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டது. பினாங்கில் உலகத்துச் சாப்பாடெல்லாம் கிடைக்கும் என்று இவ்வளவு நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டு காலியானபோது அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ரிக்ஷாக்காரர் பெயர் துலுக்காணம். "சேலையூரா? குந்து சார். அப்டியே இட்டுகினு போயி வாசல்ல வுட்டுர்றேன். பொட்டில இன்னா கீது?"

"ட்ரம்பெட். ஊதுகிற வாத்தியம்."

"நாயனமா? கண்ணாலமா?"

"இல்லை. சாவு."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேம்ப் ரோடு திரும்பும் இடத்தில் சங்கிலி கழன்று வண்டி ஒரு பக்கமாகச் சாய, நான் ஒரு குட்டையிலும் ட்ரம்பெட் பெட்டி இன்னொரு குட்டையிலும் விழுந்தோம். துலுக்காணம் முதலில் பெட்டியைத்தான் தூக்கினார். "செத்தவரு சாமான் சார், அதான். நீ எயுந்துப்ப" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் நானே எழுந்துகொண்டேன்.

எஸ்ரா குடியிருந்தது கிரேஸ் டீச்சர் வீட்டு மாடியில். கிரேஸ் டீச்சர் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுப்பவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு பள்ளி, கிறிஸ்துமஸ் நாடகம், தெருக்குழாய்ச் சண்டை எல்லாம் அவர் பொறுப்பு. சேறு சொட்ட நின்ற என்னைப் பார்த்ததும் வெந்நீர் போட்டார், துண்டு கொடுத்தார், பிறகுதான் நீங்கள் யார் என்றே கேட்டார்.

எஸ்ராவுக்கு அறுபது வயதிருக்கும். சவுலின் அதே மூக்கு, அதே ஏறின நெற்றி. ரங்கூனில் பியானோ வாசித்தவர். தாம்பரம் சுற்றுவட்டாரத்து சர்ச்சுகளின் ஆர்மோனியம், பியானோ எல்லாவற்றுக்கும் இப்போது அவர்தான் வைத்தியர். சவுல் இறந்த செய்தி தந்தி மூலம் அவருக்கு முன்பே தெரியும். பெட்டியைத் திறந்தார். ட்ரம்பெட்டை எடுக்கவில்லை, அதன் மேல் கையை மட்டும் வைத்தார். பிறகு நான் காதிஷ் விஷயத்தைச் சொன்னேன்.

"அது முடியாது அருளப்பன்," என்றார் நல்ல தாம்பரத்துத் தமிழில். "அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

யாருக்கும் இவருக்கும் என்று பார்த்தேன். அவர் கட்டைவிரலால் மேலே, கூரைக்கும் அப்பால், வானத்தைக் காட்டினார்.

மறுநாள் மாடம்பாக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சுக்கு ஆர்மோனியம் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். பழைய சிவன் கோயில் தெருவில் போகும்போது உள்ளே தவில் கேட்டது. எஸ்ரா நடுத்தெருவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் என்னவெல்லாமோ சொன்னார். "அடிக்கிறது யார் வேணா அடிக்கலாம். அந்தாள் எங்க நிறுத்தறான் பாருங்க," என்றார் எஸ்ரா. ஆர்மோனியத்தைத் திறந்தபோது துருத்திக்குள் ஓர் எலிக்குடும்பம். காற்றுப் பை முழுவதையும் தின்று தீர்த்திருந்தது. உபதேசியார் வெட்கப்பட்டு, போன ஞாயிறு பாட்டின் நடுவே கீச்சென்று கேட்டது அதுதான் போலிருக்கிறது என்றார்.

புதுத் தோலைத் துருத்தியில் கோந்து போட்டு ஒட்டிக்கொண்டே எஸ்ரா எனக்குக் காரணத்தைச் சொன்னார்.

"காதிஷ்ல சாவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, தெரியுமா? ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் அவரைப் புகழறதுதான். நாப்பத்தொண்ணு டிசம்பர்ல ரங்கூன்ல குண்டு விழுந்து அப்பா போனார். பத்துப் பேர் நின்னாங்க, நான் புகழ்ந்தேன். அதுக்கப்புறம் நாங்க நடந்தே இந்தியாவுக்கு வந்தோம். வழியில மலையில அம்மா போய்ட்டாங்க. அங்க நானும் சவுலும் ரெண்டே பேர். பத்துக்கு எங்க போறது? ஆள் பத்தலன்னு அம்மாவுக்குச் சொல்லல. அவரோட பேச்சை அன்னிக்கோட நிறுத்திட்டேன். இப்ப என் தம்பிக்காக அவரைப் புகழணுமா? நீங்களே சொல்லுங்க."

நான் கோந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நேதன் வந்தான். அமெரிக்க இளைஞன், கல்லூரியில் ஒரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவன், காது வரை கிருதா. அவனும் யூதன். தாம்பரத்தில் இரண்டாவது யூதன் என்று எஸ்ரா அறிமுகம் செய்தார். கக்கத்தில் ஒரு கிராமபோன் பெட்டி. ஊரிலிருந்து புதிதாக வந்த ஜாஸ் இசைத்தட்டு என்று சொல்லி ஊசியை வைத்தான். சாக்ஸபோன் ஒன்று தாளமில்லாமல், ராகமில்லாமல் அலறியது. கிரேஸ் டீச்சரின் கோழிகள் கொய்யா மரத்தில் ஏறின. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "டீச்சர், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இது பாட்டா? அச்சாணிக்கு எண்ணெய் போடாத வண்டி," என்றார் எஸ்ரா.

நேதன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினான். சுருக்கம் இது: "எங்கள் ஊரில் தெருக்கள் எரிந்தன. பையன்களைப் பிடித்துப் போருக்கு அனுப்புகிறார்கள். நான் இங்கே வந்ததே அதற்குப் பயந்துதான் என்று என் அப்பா நினைக்கிறார். கறுப்பர்கள் தங்கள் உரிமையைக் கேட்டு அடிவாங்குகிறார்கள். இதற்கெல்லாம் நடுவில் ஜோடி ஜோடியாக ஆடுகிற பாட்டை எப்படி வாசிப்பது? காலம் கலங்கினால் ஜாஸும் கலங்கும்."

"என் ஊரும் எரிஞ்சுது. அடுத்த சனிக்கிழமை நான் வால்ட்ஸ் வாசிச்சேன். ஜனங்களுக்கு ஆடணும்போல இருந்துது."

"பழைய மாதிரியே வாசித்தீர்களா?"

டீச்சர் வாழைக்காய் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பஜ்ஜிக்குப் பிறகு எஸ்ரா மெதுவாக ஆரம்பித்தார். "இல்ல. எங்க பாண்டுல பதினாலு பேர். குண்டு விழுந்தப்புறம் அஞ்சு பேர். முதல்ல பதினாலு பேர் வாசிக்கிறதை அஞ்சு பேர் வாசிக்கப் பார்த்தோம். அப்பன் சட்டையை மாட்டிக்கிட்ட பையன் மாதிரி இருந்துது. அப்பத்தான் சவுல் சொன்னான், டிராம்போன்காரன் செத்துட்டான், அவனோட எட்டு பாரை யாரும் வாசிக்க வேண்டாம், காலியா விடுங்கன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பார் என்பது நாலு தட்டு. பாட்டின் நடுவே ஒவ்வொருவருக்கும் எட்டு பார் தனியாக வாசிக்க இடம் கிடைக்கும். சவுல் போனபிறகு பினாங்கில் நாங்களும் அவனுடைய எட்டு பாரைக் காலியாகத்தான் விடுகிறோம். அவனே எப்போதோ சொல்லிக்கொடுத்த வழக்கம். ஹோட்டல் மானேஜருக்கு இது பிடிக்கவில்லை, கரண்ட் போய்விட்டது என்று விருந்தாளிகள் நினைக்கிறார்கள் என்கிறார். ஆனாலும் விடுகிறோம். இதைச் சொன்னதும் எஸ்ரா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை நான் சாமான் கொண்டுவந்த ஆள். அந்தப் பார்வைக்குப் பிறகு வீட்டு மனுஷன் ஆகிவிட்டேன்.

நேதன் விடவில்லை. "பார்த்தீர்களா, மதமும் இப்படித்தான்," என்றான். "எருசலேம் கோயில் இடிந்தது. ஆடு மாடு பலி கொடுக்க இடமில்லை. அப்போது நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இனிமேல் வாய்வார்த்தைதான் பலி, பத்துப் பேர் கூடின இடம்தான் கோயில் என்றார்கள். பிறகு ஸ்பெயினிலிருந்து துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் ஒரு மலையூரில் உட்கார்ந்து யோசித்தார்கள்: கடவுள் உலகத்தை எப்படிப் படைத்தார்? தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கினார், உலகத்துக்கு இடம் விட்டார் என்று புதிதாகச் சொன்னார்கள். ஹிட்லருக்கு அப்புறம் இப்போது எங்கள் ஊர் பண்டிதர்கள் அவர் இருக்கிறாரா செத்துவிட்டாரா என்றே சண்டை போடுகிறார்கள். ஒவ்வொரு இடியிலும் ஒரு புது யோசனை."

"இடம் விட்டார், சரி," என்றார் எஸ்ரா. "இவ்வளவு தூரம் ஒதுங்கச் சொன்னது யாரு?"

நேதன் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டான்.

நான் விட்ட இடத்தைப் பிடித்தேன். சவுல் கேட்டது கடவுளிடமில்லை, அண்ணனிடம் என்றேன். கட்டிலில் அவன் என் கையைப் பிடித்ததைச் சொன்னேன். எஸ்ரா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் துருப்புச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரின் சிரிப்பு.

"சரி. பத்துப் பேரைக் கொண்டுவாங்க, சொல்றேன்."

பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரை சல்லடை போட்டாலும் பத்து யூதர் தேறமாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நேதனோடு சேர்த்து இரண்டு. மிச்சம் எட்டு. எனக்குக் கப்பல் அடுத்த புதன்கிழமை.

மறுநாளிலிருந்து நான் யூத வேட்டைக்குக் கிளம்பினேன். அனகாபுத்தூரில் வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார், நீளத் தாடி, கறுப்பு அங்கி, பழைய ஏற்பாட்டிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருப்பார் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். பல்லாவரம் வரை ரயில். அங்கிருந்து ஏறின பஸ், ஆற்றுத் தண்ணீர் ரோட்டைத் தொட்ட இடத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் விசில் ஊதி, "பேஜாரா பூட்ச்சு, எல்லாம் எறங்கி நடங்க," என்றார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனேன். நெசவாளர் சந்துகளில் ஈரத்துக்குப் பயந்து தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வேலையில்லாததால் எனக்கு வழி சொல்ல ஒவ்வொரு வாசலிலும் ஆள் இருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள்.

தாடிக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் பெல்ஜியத்திலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார். என் கதையை முழுக்கக் கேட்டார். என் காலைத் துடைக்கத் துணி கொடுத்தார், காப்பி கொடுத்தார். "நான் யூதனில்லை. ஆனால் என் தொழிலில் எனக்கு முதலாளியாக இருப்பவர் யூதர். அது போதுமா?" என்று கேட்டார். போதாது ஃபாதர் என்றேன். நனைந்த கோழியாகத் திரும்பி வந்தேன்.

அடுத்த நாளும் வெறுங்கைதான். மீனம்பாக்கத்தில் ஒரு விமான மெக்கானிக் யூதர் என்றார்கள், அவர் ஆர்மீனியர். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கிரேஸ் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சவுலுக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. எஸ்ரா கருவாட்டுக் குழம்பை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்றியும் இறாலும் மட்டும் தொடமாட்டார். கேட்டால் பக்தியில்லை, பழக்கம் என்பார்.

டீச்சர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணா, ரங்கூன்ல கடைசியா நின்னாங்களே பத்துப் பேர், அவங்க யார் யார்?"

எஸ்ரா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ, ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. "ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசஸ், ஆரோன், சாமுவேல், சாலமோன், தானியேல். அப்புறம் நான். கடைசியில சவுல்."

"இவ்வளவுதானா?" என்றார் டீச்சர். "இதுக்குப் போயா பினாங்கு சாரை அனகாபுத்தூர் தண்ணியில நடக்கவிட்டீங்க?" கையைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எஸ்ராவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாட்டு நேரம் கழிந்ததும் வாசலில் ஆள் சேரத் தொடங்கியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். முதலில் வந்த பெரியவர், "ஆபிரகாம், கணக்கு வாத்தியார், ரிடையர்டு," என்று எனக்குக் கை கொடுத்தார். அடுத்தவர் ஈசாக்கு, ரயில்வே கார்டு. அடுத்தவர் கம்பவுண்டர் யாக்கோபு. அவர் தலையில் துண்டை முண்டாசு கட்டி, கையில் மேய்ப்பன் கோல் வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டில் ஒரு பெயரை மிச்சம் வைக்கமாட்டார்கள். சேலையூரில் ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு சாமுவேல் மேல் பட்டு ஒரு தானியேல் மேல் விழும். டீச்சரோ வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் சேர்க்கிறவர். மேய்ப்பர் மூன்று, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரி மூன்று, ராஜா ஏரோது ஒன்று என்று பழகின மனசு. இந்தப் பிரார்த்தனைக்கும் அப்படியே ஓர் ஆபிரகாம், ஓர் ஈசாக்கு என்று இன்ன பெயருக்கு இன்ன ஆள் வேண்டும்போல என்று நினைத்து, கேம்ப் ரோட்டிலிருந்து மாடம்பாக்கம் வரை வீடு வீடாக ஏறி எல்லாரையும் பிடித்துவிட்டார். கம்பவுண்டருக்கு மட்டும் இது நாடக ஒத்திகை இல்லை என்பது சரியாகப் போய்ச் சேரவில்லை.

"டீச்சர்," என்றேன் மெதுவாக, "பெயர் இருந்தால் போதாது. யூதராக இருக்க வேண்டும்."

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதோட சவுலும் கிடைக்கல சார். பவுல்னா தெருவுக்கு மூணு பேர் இருக்காங்க. சவுல்னு பிள்ளைக்கு யாரு பேர் வைப்பா? ஒரு சவுல் பைத்தியம் பிடிச்ச ராஜா. இன்னொரு சவுல், பவுலா மாறினப்புறம்தானே நல்லவர் ஆனார்," என்றார்.

அதற்குள் எஸ்ரா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பின்னால் நேதன். கூடத்தில் எட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எஸ்ரா வேட்டிகளைப் பார்த்தார், பைபிள்களைப் பார்த்தார், மேய்ப்பன் கோலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எட்டுப் பேரும் மரியாதைக்காகக் கூடச் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. தப்போ சரியோ, கூப்பிட்டு வந்த ஆட்களைச் சும்மா அனுப்புவதா என்று அவருக்கு ரோஷம். வகுப்பறையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். இருபது வருஷமாகப் பதிவேட்டைப் பார்க்காமல் ஆஜர் எடுக்கிறவர்.

"ஆபிரகாம்!"

ஆபிரகாம் சார் திடுக்கிட்டு, "உள்ளேன் அம்மா!" என்றார். அவர் டீச்சரைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

"ஈசாக்கு!"

"உள்ளேன் அம்மா!"

"யாக்கோபு!"

"உள்ளேன் அம்மா!" கோல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

எஸ்ராவின் சிரிப்பு நின்றுவிட்டது. ரங்கூனில் அந்த ஆபிரகாம் அடுத்த குண்டுவீச்சில் போனவர். ஈசாக்கு மலைப்பாதையில் காய்ச்சலில் போனவர். மற்றவர்கள் எங்கே சிதறினார்கள் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பெயர்களை அதே வரிசையில் ஒருவர் கூப்பிட, ஒவ்வொன்றுக்கும் உயிருள்ள ஒரு தொண்டை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மோசஸ், உள்ளேன். ஆரோன், உள்ளேன். சாமுவேல், சாலமோன், தானியேல், உள்ளேன், உள்ளேன், உள்ளேன்.

"எஸ்ரா!"

கொஞ்சம் தாமதமாக, "உள்ளேன் அம்மா," என்றார் எஸ்ரா.

"சவுல்!"

பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தாமதமாக வரும் பிள்ளைக்குக் காத்திருக்கிற மாதிரி டீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்தில் மழைச் சத்தம் மட்டும். எஸ்ராவின் விரல் தொடையில் மெல்லத் தட்டுவதை நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என் வலது கையும் இல்லாத தந்தியைச் சுண்டத் தொடங்கிவிட்டது. பினாங்கு மேடையில் எத்தனையோ மாலை விட்ட அதே எட்டு பார். இங்கேயும் யாரும் அதை நிரப்பவில்லை. நேதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.

எட்டாவது பார் முடிந்த இடத்தில், ஒரு தட்டுகூடத் தவறாமல், எஸ்ரா காதிஷ் சொல்லத் தொடங்கினார்.

எனக்கு அந்த பாஷை தெரியாது. அவர் குரல் முதல் வரியில் துருவேறியிருந்தது. அவர் மூச்சுவிட நிறுத்தின இடத்தில் நேதன், "ஆமென்," என்றான். அந்த ஒரு வார்த்தை போதும். தங்களுக்குத் தெரிந்த வார்த்தை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எட்டுப் பேரும் தாம்பரத்து சர்ச் கூரையே அதிரும் சத்தத்தில், "ஆமென்!" என்றார்கள். எஸ்ரா ஆடிப்போய்விட்டார். ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவரே ஒரு நொடி கூடுதலாகக் காத்திருந்து அதை வாங்கிக்கொண்டார். வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற துலுக்காணமும் கடைசி ஆமெனுக்குச் சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் டீச்சர் எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தார். நேதன் மனசாட்சி உறுத்தி எஸ்ராவிடம் சொன்னான்: "சட்டப்படி பார்த்தால் நாம் இரண்டு பேர்தான்."

"தெரியும்," என்றார் எஸ்ரா. "நீ வச்சிருக்கிற அந்த இசைத்தட்டு சட்டப்படி பாட்டா?"

புதன்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனுக்கு எஸ்ராவும் டீச்சரும் வந்தார்கள். ட்ரம்பெட் பெட்டி மறுபடி என் கையில். இங்கே இருந்தால் களிம்பு பிடிக்கும், அங்கே யாராவது ஊதட்டும், அந்த எட்டு பாரில் மட்டும் ஊத வேண்டாம் என்று எஸ்ரா சொல்லிவிட்டார். ரயில் வருவதற்கு முன் நான் கேட்டேன், மேலே இருப்பவரோடு சமாதானம்தானா என்று.

"சமாதானமா? அவர்கிட்ட கேக்கவேண்டியது நிறைய பாக்கி இருக்கு," என்றார். "ஆனா பேச்சு ஆரம்பிச்சாச்சு."

ரயில் வந்தது. டீச்சர் ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். அந்த நேரத்திலும் அவர் மனசு குறைப்பட்ட ஆஜர்மேல்தான். "சவுல் திவசம் அடுத்த மே மாசம்தானே அண்ணா? அதுக்குள்ள எப்படியாவது ஒரு சவுலைப் பிடிச்சிடறேன். மாடம்பாக்கத்துல ஒரு வீட்டுல குழந்தை பிறந்திருக்கு, இன்னும் ஞானஸ்நானம் ஆகல. அவங்க அம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

எஸ்ரா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் கிரேஸ். அந்த எட்டுப் பேரையும் வரச் சொல்லு, நான் இருப்பேன்," என்றார். "சவுல்னு பேரை மட்டும் கூப்பிட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா நில்லு."